ஜப்பான் பயணம், ஆறாம் நாள்: உரக்காமியில் ஒரு பகல்

நேற்று இரவு ஹக்காட்டாவிலிருந்து நாகசாகிக்கு வந்து சேர்ந்தோம். பாதி வழி சாதாரண விரைவு ரயில். தக்கேயோ ஒன்சென் நிலையத்தில் இறங்கினால் எதிர் பிளாட்பாரத்திலேயே புல்லட் ரயில் காத்து நிற்கிறது. 2022 செப்டம்பரில் திறந்த புதுப் பாதை அது. மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். ஃபுகுவோக்காவில் வேலை பார்க்கும் தம்பி கூடவே இருப்பதால் மொழியைப் பற்றிக் கவலையில்லை. நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். இன்றைய நாளை எழுதும்போது எங்கள் ஊரும் நடுநடுவே வந்து போகும், அதற்குக் காரணம் இருக்கிறது.

ஹிரோஷிமா, நாகசாகி என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, ஆகஸ்ட் 9 நாகசாகி, அதோடு போர் முடிந்தது, அடுத்த பாடம். நாகசாகி எப்போதும் இரண்டாவது பெயர். அதனால்தான் இந்தப் பயணத்தில் ஒரு நாளை முழுதாக இந்த ஊருக்கென்று ஒதுக்க வேண்டும் என்று தம்பியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். குண்டு விழுந்த உரக்காமி என்ற பள்ளத்தாக்கை நடந்தே பார்ப்பது என்று முடிவு.

காலை எட்டரை மணிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே டிராம் ஏறினோம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் போட வேண்டும். நாலைந்து தடவை ஏறி இறங்குவதாக இருந்தால் ஒருநாள் பாஸ் வாங்கிவிடுங்கள். அகாசாக்கோ போகும் வண்டியில் கால் மணி நேரம் போனால் ஹெய்வா கோஎன், அதாவது அமைதிப் பூங்கா நிறுத்தம். மார்ச் கடைசி வாரம் என்பதால் வழியெல்லாம் செர்ரி மரங்கள் பூத்திருந்தன. குளிர் இருந்தது, ஸ்வெட்டர் போதும்.

பூங்காவுக்கு ஏறும் நகரும் படிக்கட்டின் கீழே எங்கள் வழிகாட்டி நின்றிருந்தார். சம்பளம் வாங்காமல் இதைச் செய்யும் பெரியவர், எண்பது வயது. குண்டு விழுந்த அன்று அவர் அம்மாவின் வயிற்றில் நாலு மாதம். மலைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்றாம் நாள் தன் அக்காவைத் தேடிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்குள் நடந்து வந்திருக்கிறார். கதிர்வீச்சு என்ற சொல்லே அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் வயிற்றில் இருந்த குழந்தையும் பாதிக்கப்பட்டவர்கள் கணக்கில் சேர்ந்தது. அரசு கொடுத்த நலக் கையேட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இப்படிக் கையேடு வைத்திருப்பவர்கள் ஜப்பான் முழுவதிலும் ஒரு காலத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். 2025-இல் அந்த எண்ணிக்கை முதல்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது.

பூங்காவில் முதலில் வருவது ஒரு நீரூற்று. 1969-இல் கட்டியது. அதன் முன்னால் உள்ள கல்லில், காயப்பட்ட ஒரு சிறுமி எழுதியது பொறிக்கப்பட்டிருக்கிறது. தாகம் தாங்க முடியவில்லை, தண்ணீர் மேலே எண்ணெய் மாதிரி ஏதோ மிதந்தது, அப்படியே குடித்துவிட்டேன் என்பதுதான் அதன் சாரம். தம்பி ஒரு தடவை வாசித்துச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியவர் இன்னொன்றும் சொன்னார். தீக்காயம் பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் கெஞ்சிக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டவர்கள் அதை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்கள். உரக்காமியில் எந்த நினைவுக் கல்லுக்குப் போனாலும் பூவோடு தண்ணீரும் வைத்திருப்பதைக் கவனித்தேன். பாட்டில், கிண்ணம், டம்ளர், ஏதாவது ஒன்றில் தண்ணீர்.

கோடியில் அந்தப் பெரிய சிலை. கிட்டாமுரா செய்போ வடித்தது, 1955-இல் திறந்தார்கள், 9.7 மீட்டர் உயரம். மேலே நீட்டிய வலது கை அணுகுண்டின் அச்சுறுத்தலையும், பக்கவாட்டில் நீட்டிய இடது கை அமைதியையும் காட்டுகின்றன. கண்கள் மூடியிருக்கின்றன. எல்லோரும் படம் எடுக்கும் இடம் இதுதான். எனக்கு இந்தச் சிலையோடு ஒட்டவில்லை. பிழைத்தவர்களுக்கு மருத்துவச் செலவு கொடுக்கும் சட்டமே 1957-இல்தான் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு வெண்கலத்துக்கு இவ்வளவு பணமா என்று பாதிக்கப்பட்டவர்களே அன்று வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது.

அதைவிட என்னை நிறுத்தியது, சிலைக்குப் போகும் வழியில் தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு சுவரின் அடிப்பாகம். இங்கே ஒரு சிறைச்சாலை இருந்தது. கைதிகள், காவலர்கள், காவலர் குடும்பங்கள் என்று 134 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களில் குறைந்தது 32 பேர் சீனர்கள், 13 பேர் கொரியர்கள். பிற்காலத்தில் பூங்காவில் கட்டட வேலை நடந்தபோதுதான் இந்த அடித்தளம் வெளியே வந்தது. குனிந்து பார்த்தால் அறைகளின் அகலம் தெரிகிறது. ஒரு ஆள் கையை விரித்துப் படுக்க முடியாத அகலம்.

பூங்கா ஓரத்தில் ஒரு பாட்டி தள்ளுவண்டியில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார். சிரின்சிரின் ஐஸ் என்று பெயர், வண்டியில் அடிக்கும் மணியின் சத்தம்தான் பெயராகிவிட்டது. கரண்டியால் இதழ் இதழாக எடுத்துக் கூம்பின் மேல் ரோஜாப்பூ மாதிரி அடுக்கித் தருகிறார். பால் மணம் அதிகமில்லை, நம் ஊர் சேமியா ஐஸ் போலக் கொஞ்சம் நறநறப்பு. அந்த இடத்தில் நின்று ஐஸ் சாப்பிடலாமா என்று எனக்குத் தயக்கம். பெரியவர்தான் முதலில் வாங்கி எங்கள் கையில் கொடுத்தார். "சின்ன வயதில் இங்கே எங்களுக்குச் சந்தோஷம் என்று இருந்தது இது ஒன்றுதான், சாப்பிடுங்கள்" என்றார்.

அப்புறம் கிழக்கே நடந்து உரக்காமி மாதா கோவிலுக்குப் போனோம். பத்து நிமிட நடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

எங்கள் கடற்கரையில் 1542-இல் வந்து இறங்கிய பிரான்சிஸ் சவேரியாரைத் தூத்துக்குடியில் தெரியாதவர்கள் இல்லை. முத்துக்குளித்துறை ஊர் ஊராக நடந்தவர். அதே சவேரியார்தான் 1549-இல் ஜப்பானில் ககோஷிமாவில் கரையேறினார், மறுவருஷம் இந்தப் பகுதியிலுள்ள ஹிராடோவுக்கு வந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் நாகசாகி கிறிஸ்தவ ஊராகவே ஆகிவிட்டது. அப்புறம் தடை. 1597-இல் இங்கே நிஷிசாக்கா குன்றில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். அதில் ஒருவர் நம் நாட்டு வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1614-இல் நாடு முழுவதும் தடை வந்த பிறகு, மீதியிருந்தவர்கள் வெளியே பௌத்தர்களாகவும் வீட்டுக்குள் கிறிஸ்தவர்களாகவும் இருநூற்றைம்பது ஆண்டு வாழ்ந்தார்கள். பாதிரியார் இல்லை, பூசை இல்லை, புத்தகம் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லியே செபங்களைக் காப்பாற்றினார்கள். 1865-இல் வெளிநாட்டினருக்காக ஓவுராவில் ஒரு கோவில் கட்டியபோது, உரக்காமி உழவர்கள் சிலர் உள்ளே நுழைந்து பிரெஞ்சுப் பாதிரியாரிடம் மெல்லிய குரலில் கேட்டார்களாம்: "சாந்தா மரியா சிலை எங்கே?"

வெளியே தெரிந்ததும் மறுபடி அடி விழுந்தது. உரக்காமியிலிருந்து மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பல ஊர்களுக்கு நாடுகடத்தினார்கள். 1873-இல் திரும்பி வந்தவர்கள், தங்கள் முன்னோர்களைச் சிலுவைப் படத்தை மிதிக்கச் சொல்லிச் சோதித்த அதே ஊர்த்தலைவர் வீட்டு மனையை விலைக்கு வாங்கினார்கள். அந்த இடத்தில் 1895-இல் தொடங்கிச் செங்கல் செங்கலாக இந்தக் கோவிலைக் கட்டி, 1914-இல் முடித்தார்கள். இரண்டு கோபுரங்கள் நிமிர்ந்தது 1925-இல்.

இருபது வருஷம்தான் நின்றது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஐநூறு மீட்டர் தூரம். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்காக அன்று காலை பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு குருக்களும், வரிசையில் காத்திருந்தவர்களும் இடிபாட்டுக்குள் போனார்கள். உரக்காமியிலிருந்த சுமார் 12,000 கத்தோலிக்கர்களில் 8,500 பேர் இறந்தார்கள். எங்கள் பனிமய மாதா கோவில் திருநாள் ஆகஸ்ட் 5. அந்த வருஷமும் எங்கள் ஊரில் கொடி இறக்கி நாலு நாள்தான் ஆகியிருக்கும். திருநாள் கடை வளையலும் மிட்டாயும் வீட்டில் இருந்திருக்கும் நேரம் இங்கே இப்படி நடந்திருக்கிறது என்று நினைத்தபோது, எனக்கு அந்தத் தேதி முதல்முறையாகத் தேதியாக இல்லாமல் ஒரு வியாழக்கிழமையாகத் தெரிந்தது.

இப்போது இருப்பது 1959-இல் புதிதாகக் கட்டியது. வாசலில் கருகிய புனிதர் சிலைகள், சிலதுக்குத் தலை இல்லை. கீழே ஓடைப் பக்கம் இறங்கினால், பறந்து விழுந்த மணிக்கூண்டின் மேற்பகுதி எண்பது வருஷமாக அதே இடத்தில் கிடக்கிறது. சுமார் 50 டன் எடை. உள்ளே ஒரு சிறு பீடத்தில் மரத்தாலான மாதா சிலையின் தலை மட்டும். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம், ஒரு கன்னம் கரி. உள்ளே படம் எடுக்கக் கூடாது. எடுக்கவும் தோன்றாது. அதன் முன்னால் முழங்கால் போட்டுத் தமிழில் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன், அதற்குமேல் எனக்கு எதுவும் வரவில்லை.

பழைய கோவிலின் இடிந்த சுவர்களை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அன்று பலர் கேட்டார்கள். ஆனால் 1958-இல் அகற்றிவிட்டார்கள். ஹிரோஷிமாவுக்கு அந்தக் குவிமாடக் கட்டடம் இருப்பது போல நாகசாகிக்கு ஒரு அடையாளம் இல்லாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அகற்றாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனைக்காக அவர்கள் பட்டதை யோசித்தால், அங்கேயே மறுபடி பூசை வைக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்ததையும் குறை சொல்ல முடியவில்லை. மணிகள் இரண்டில் ஒன்று இடிபாட்டுக்குள் முழுசாகக் கிடைத்து, 1945 கிறிஸ்துமஸ் இரவிலேயே அடித்தார்கள். இன்னொன்றின் இடம் காலியாகவே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் சேர்த்து வார்த்துக் கொடுத்த புது மணி, 2025 ஆகஸ்ட் 9 அன்று, குண்டு வெடித்த நேரமான 11:02-க்குப் பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது. நாங்கள் அங்கே இருந்தபோது நண்பகல் மூவேளை செப மணி அடித்தது. பெரியவர் பௌத்தர், அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

மதியச் சாப்பாடு டிராம் பாதையோரம் ஒரு சின்னக் கடையில். கணவன் மனைவி இருவர் நடத்துகிறார்கள், ஆறே இருக்கை. நாகசாகி என்றால் சாம்பொன். 1899-இல் இந்த ஊரில் உணவகம் திறந்த ஃபுஜியான்காரர் சென் பிங்ஷுன், இங்கே படிக்க வந்த சீன மாணவர்கள் மலிவாக வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று உண்டாக்கியது. இரும்புச் சட்டியில் பன்றி இறைச்சி, கணவாய், இறால், கோஸ், முளைப்பயறு, இளஞ்சிவப்பு விளிம்புள்ள மீன் கேக் எல்லாவற்றையும் பெருந்தீயில் வதக்கி, எலும்புச் சாறு ஊற்றி, அதிலேயே நூடுல்ஸையும் போட்டு வேகவைக்கிறார்கள். மற்ற ராமென் மாதிரி நூடுல்ஸைத் தனியாக வேகவைத்துச் சேர்ப்பதில்லை. அதனால் சாறு முழுக்க நூடுல்ஸில் இறங்கிவிடுகிறது. மாவில் சேர்க்கும் தோஆக்கு என்ற காரம்தான் இந்த ஊர் ருசி என்று கடைக்காரம்மா சொன்னார். நம் அப்பளக்காரத்தின் உறவு அது. முதல் வாய் வைத்ததும் எனக்கு அந்த மணம் பிடிபட்டது. கணவாயும் முளைப்பயறும் வேகாத மாதிரி நறுக்கென்று இருக்கின்றன, ஆனால் வெந்திருக்கின்றன. அந்தப் பதம்தான் கைப்பக்குவம்.

சாப்பிடும்போது பெரியவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அம்மா கடைசிவரை வீட்டில் பூசணிக்காய் சமைத்ததே இல்லை. போர்க்காலத்தில் அரிசி கிடைக்காமல் எல்லோரும் பூசணியும் சர்க்கரைவள்ளியும் தின்றுதான் வாழ்ந்தார்கள், அதனால் வெறுத்துவிட்டது போல என்று பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். அம்மா எண்பது வயதில்தான் சொன்னாராம். அக்காவைத் தேடி வந்த அன்று, எரிந்த தோட்டம் ஒன்றில் கொடியோடு வெந்து கிடந்த பூசணிக்காயை உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பசி, வயிற்றில் பிள்ளை வேறு. சாப்பிட்டு முடித்து நிமிர்ந்த பிறகுதான் பக்கத்தில் யார் கிடந்தார்கள் என்று பார்த்திருக்கிறார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை. கடைக்காரம்மா எங்கள் கோப்பைகளில் தேநீர் ஊற்றிவிட்டுப் போனார்.

பெரியவர் அங்கேயே விடைபெற்றார். எத்தனை சொல்லியும் சாப்பாட்டுக்குக்கூட எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

மதியம் முதலில் வெடிமையப் பூங்கா. ஒரு கறுப்புக் கல்தூண், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் படிகள். அதற்கு நேர் மேலே 500 மீட்டர் உயரத்தில் புளுட்டோனியம் குண்டு வெடித்தது. அருகில் ஓடைக்கரையில் இறங்கினால், அன்றைய மண்ணடுக்கைக் கண்ணாடி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஓடு, செங்கல், உருகிய கண்ணாடி, பீங்கான் கிண்ணத் துண்டுகள். மாட்சுயாமா என்ற இந்தத் தெருக்கூட்டத்தில் சுமார் 300 வீடுகள், 1,860 பேர். பதுங்குகுழிக்குள் இருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள். பக்கத்திலேயே கொரியர்களுக்கான நினைவுக்கல், 1979-இல் வைத்தது. கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டு இங்கே செத்தவர்கள் அவர்கள். பேர்ல் துறைமுகத்தில் போட்ட டார்பிடோக்களைச் செய்த ஆலைகள் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆலையும் சிறையும் கோவிலும் பள்ளிக்கூடமும் அடுக்களைகளும் ஒரே பள்ளத்தாக்கில் நெருக்கியடித்து இருந்திருக்கின்றன.

அங்கிருந்து படியேறினால் அணுகுண்டு அருங்காட்சியகம், 1996-இல் திறந்தது. நுழைந்ததும் 11:02-இல் நின்றுபோன சுவர்க் கடிகாரம். 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000, காயப்பட்டவர்கள் ஏறக்குறைய அதே அளவு. ஊரின் மக்கள்தொகையே இரண்டே கால் லட்சம் முதல் இரண்டரை லட்சத்துக்குள்தான்.

நான் வெகுநேரம் நின்றது இரண்டு இடத்தில். ஒன்று, பதினாலு வயதுப் பெண்ணின் சாப்பாட்டு டப்பா. சோறு அப்படியே கரியாகி, பருக்கை பருக்கையாகத் தெரிகிறது. பதினொரு மணிக்கு அது இன்னும் திறக்காத டப்பா. என் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு மணிக்கே பசிக்கிறது டீச்சர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, யாமஹாத்தா யோசுக்கே எடுத்த ஒரு படம். ராணுவப் புகைப்படக்காரரான அவர் குண்டு விழுந்த மறுநாள் விடிவதற்குள் இங்கே வந்து, பகல் முழுக்க நடந்து நடந்து எடுத்தார். அந்தப் படத்தில் ஒரு தாயும் மகனும் நிற்கிறார்கள், நிவாரணமாகக் கிடைத்த சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடி. பையனின் முகத்தில் காய்ந்த ரத்தம். அவன் சாப்பிடவில்லை, நம்மைப் பார்க்கிறான். பின்னால் நின்றிருந்த தம்பி, "அக்கா, போகலாமா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

பக்கத்திலேயே தேசிய நினைவு மண்டபம், 2003-இல் திறந்தது. கூரை மேல் பெரிய வட்டத் தடாகம், தண்ணீர் விளிம்புவரை நிறைந்து அசையாமல் நிற்கிறது. தண்ணீர் கேட்டுச் செத்தவர்களுக்காக. அதற்கு அடியில், நிலத்துக்குக் கீழே, வெளிச்சத் தூண்களுக்கு நடுவே இறந்தவர்களின் பெயர்ப் புத்தகங்கள். உள்ளே எங்களைத் தவிர ஒரே ஒருவர்தான் இருந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே சன்னோ என்ற ஷிண்டோ கோவிலுக்கு நடந்தோம். 800 மீட்டர். வழியில் குடியிருப்புத் தெருப் படிக்கட்டின் நடுவே, ஒரு காலில் நிற்கிறது கல் தோரணவாயில். பாதி பறந்துபோய், மீதிப் பாதி எப்படி நிற்கிறதோ தெரியவில்லை, எண்பது வருஷமாக நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மேலே கோவில் வாசலில் இரண்டு கற்பூர மரங்கள், ஐநூறு வயதுக்கும் மேல். எரிந்து கிளையெல்லாம் போய்க் கட்டையாக நின்றவை. கொஞ்ச நாளிலேயே துளிர்த்துவிட்டன. இன்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாத அளவுக்குப் பச்சை. ஒரு மரத்தின் பொந்துக்குள் அன்று பறந்து வந்து விழுந்த கற்கள் இன்னும் இருக்கின்றன. மார்ச் மாதத்துப் புது இலைகள் சிவப்பாக இருந்தன, ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். சூடம் மணம்தான்.

இருட்டிய பிறகு டிராமில் தெற்கே ஊருக்குள் திரும்பினோம். ஷின்ச்சி சீனத் தெருவில் இரவுச் சாப்பாடு. சரா உதோன் என்பது பொரித்த மெல்லிய நூடுல்ஸ் மேல் சாம்பொன் சாமான்களைக் குழம்பாகக் கெட்டியாக்கி ஊற்றுவது. மேலே இந்த ஊர்க்காரர்கள் கருப்பு சாஸ் ஒன்றைத் தெளித்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் மொறுமொறு, நடுவில் ஊறிய பதம். தம்பி இரண்டு தட்டு சாப்பிட்டான். அப்புறம் கஸ்தெரா வாங்கினோம். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்த கேக்கை இந்த ஊர் தனதாக்கிக்கொண்டது. முட்டை, சர்க்கரை, மாவு, அரிசிப்பாகு, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது. அடியில் உருகாத பெரிய சர்க்கரைப் பரல்கள் பல்லில் நறநறக்கின்றன. எங்கள் ஊர் மக்ரூனையும் போர்ச்சுகீசியர் வழி வந்தது என்பார்கள், அதுவும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும்தான். ஒரே கப்பல்காரர்கள் இரண்டு கரையிலும் விட்டுப்போன இனிப்புகள். சொற்களும் அப்படியே. நம் பாதிரி இங்கே பதெரென், இலங்கைத் தமிழர் சொல்லும் பாண் இங்கே பான். இரண்டு பெட்டி அம்மாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

விடுதிக்கு நடந்து வரும் வழியில் நக்காஷிமா ஆறு. 1634-இல் கட்டிய இரட்டை வளைவுக் கல்பாலம் தண்ணீரில் விழும் நிழலோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடி போலத் தெரியும், பெயரும் அதுதான். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இன்னொரு சாதாரணப் பாலம், தோக்கிவா. தம்பி அங்கே நின்று சொன்னான்: "அக்கா, அன்னைக்குக் குறி வைத்தது இந்த இடத்தைத்தான்."

அன்று விமானம் முதலில் போனது கொக்குராவுக்கு, அங்கிருந்த ஆயுத ஆலைக்காக. முந்தாநாள் ஹிரோஷிமாவிலிருந்து வரும்போது எங்கள் ரயில் கொக்குராவில் நின்றது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மேகமும் புகையும் மறைத்ததால் முக்கால் மணி நேரம் மூன்று தடவை சுற்றியும் குறி தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. நாகசாகிக்குத் திரும்பினார்கள். இங்கேயும் மேகம். ஒரு இடைவெளி தெரிந்ததும் போட்டார்கள். குறியிலிருந்து மூன்று கிலோமீட்டர் வடக்கே தள்ளி, உரக்காமியில் விழுந்தது. நடுவிலிருந்த மலைகள் இந்தப் பழைய ஊரைக் காப்பாற்றின. நாங்கள் சாப்பிட்ட தெரு, கேக் வாங்கிய கடை, இந்தப் பாலம், ஓவுரா கோவில் எல்லாம் அதனால்தான் இருக்கின்றன. பாலத்தின் மேல் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள், முன் கூடையில் வெங்காயத்தாளும் பால் பாக்கெட்டும். வடக்கே பார்த்தேன். மலை மறைக்கிறது, இங்கிருந்து உரக்காமி தெரியாது.

நாளை அதிகாலை ஹிராடோவுக்குக் கிளம்புகிறோம், சவேரியார் போன ஊர். நேரடி வண்டி இல்லை, வழியில் மாற வேண்டும், கடைகள் திறந்திருக்குமோ என்னவோ. அதனால் விடுதிக்குக் கீழே இருக்கும் கடையில் ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, வாங்கப் போனோம். பத்துப் பதினைந்து வகை அடுக்கியிருந்தது, சூரை மீன், சால்மன், புளித்த உமேப் பழம். "எது எடுக்க?" என்று தம்பி கேட்டான். உப்பு மட்டும் போட்டதில் நாலு எடுக்கச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலும் இரண்டு.